திலகவதியின் காது

திலகவதி ஆறு வருடம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தாள். இரும்புத் தகட்டை அழுத்தி கார் கதவின் உள்பாகம் செய்கிற இடம். எந்திரம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தரை அதிரும். வெளியே வந்து விழுகிற பாகத்தை எடுத்து, விளிம்பும் துளையும் சரியா என்று பார்த்து, சரியில்லாததைச் சிவப்புக் கூடையில் போடுவது அவள் வேலை. காதுக்கு மஞ்சள் நிறத்தில் ஸ்பாஞ்சு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டால் யாரோடும் பேச முடியவில்லை என்று பக்கத்து மேசை ஜோதிலட்சுமி கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். திலகவதி ஒரு நாளும் கழற்றியதில்லை. ஏன் என்று கேட்டால், "நான் வயலின் வாசிக்கிறவ" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை. ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பம் அவளுடையது. பொன்னேரியில் கான்வென்ட் பள்ளியில் படித்தபோது, அங்கே பிரார்த்தனைப் பாட்டுக்கு வாசிக்க மூன்று வயலின்கள் இருந்தன. வாசிக்கப் பிள்ளைகள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூன்றாவதை ஹெலன் சிஸ்டர் திலகவதியின் கையில் கொடுத்தார். நின்றுகொண்டு, தாடைக்கு அடியில் வைத்து வாசிக்கிற முறை. பன்னிரண்டாவது முடித்ததும் சென்னையில் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள்.

"இது இன்னா படிப்பு?" என்று கேட்டார் அவள் அப்பா ஆதிநாராயணன்.

"டிப்ளமா, நைனா."

"டிப்ளமாவா? அப்ப வேல கெடைக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எதில் டிப்ளமா என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. முதல் விடுமுறையில் வயலின் பெட்டியோடு வந்து இறங்கியபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள், "சரி, வாசி பாக்கலாம்" என்றார். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா ஏன் கீழ குந்திக்கினே?" என்றார்.

கர்நாடக சங்கீதத்துக்குக் கீழேதான் உட்கார வேண்டும். வயலினின் தலையை வலது காலின் கணுக்காலில் சாய்த்துக்கொள்ள வேண்டும். நின்றே பழகிய உடம்பு அப்படி மடங்க அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. அதன்பிறகு மளமளவென்று கற்றாள். படிப்பு முடிந்து ஊருக்கு வந்தால், கும்மிடிப்பூண்டி பக்கம் வயலினைக் கூப்பிட ஆள் இல்லை. மார்கழியில் பஜனை, எப்போதாவது ஒரு கல்யாணம். அதனால்தான் பிரஸ் ஷாப். அங்கேதான் பார்த்திபனைப் பார்த்தாள். எந்திரங்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர். அவள் வயலின் வாசிப்பதாகச் சொன்னபோது சிரிக்காமல், "கம்பி அறுந்தா எங்க வாங்குவ?" என்று கேட்ட ஒரே ஆள். அவனையே கல்யாணம் செய்துகொண்டாள்.

2010-இல் ஒரு நாள் போன் வந்தது. திருவள்ளூரிலிருந்து அம்புஜவல்லி. கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து வாய்ப்பாட்டுக் கச்சேரி செய்கிறவர். அந்த வட்டாரத்தில் பெயர் உள்ளவர். அவருக்கு வழக்கமாக வாசித்த பெண் அமெரிக்காவில் குடியேறிவிட்டாள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் திருவள்ளூர் தூரம் என்கிறார்கள். இசைக் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்து இவள் எண்ணை வாங்கியிருக்கிறார்.

"கும்மிடிப்பூண்டியா? ரயில்ல வந்தா மெட்ராஸ் சுத்திண்டு வரணும். பெரியபாளையம் வழியா பஸ்ல வந்துடு. சனிக்கிழமை பத்து மணிக்குப் பாட ஆரம்பிச்சுடுவேன்" என்றார். வர முடியுமா என்று கேட்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் அவர் பாட, இவள் வாசித்தாள். முடிந்ததும் அம்புஜவல்லி சொன்னது ஒன்றுதான்: "தளிகை ஆயிடுத்து. சாப்டுட்டுப் போ." அடுத்த சனிக்கிழமையும் அதேதான். அந்த வருடக் கடைசியில் திலகவதி பிரஸ் ஷாப் வேலையை விட்டாள்.

பக்கவாத்தியம் என்பது நிழல் மாதிரி கூடவே போகிற வேலை. பாடுகிறவர் ஒரு பிடியை, சின்னதாக ஒரு ஸ்வரக் கோவையை, பாடியதும் வயலின் அதை வாங்கித் திருப்பித் தர வேண்டும். பதிமூன்று வருடத்தில் அம்புஜவல்லி ஒரு பிடியைத் தொடங்கும்போதே அது எங்கே போய் முடியும் என்று திலகவதிக்குத் தெரிந்தது. திருவள்ளூர், திருப்பாச்சூர், சென்னையில் சின்னச் சின்ன சபாக்கள் என்று எங்கே போனாலும் மாமியின் இடப்பக்கம் திலகவதி, வலப்பக்கம் மிருதங்கம் ஸம்பத்குமார். மாமி என்றுதான் இவள் கூப்பிடுவாள். மேடையில் மாமி இவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினால் அன்றைக்கு அதுவே போதும்.

போன வருடம் தை மாத உற்சவத்தில்தான் முதல் தடவை அது நடந்தது. கல்யாணி ராக ஆலாபனை. மாமி மேல் ஷட்ஜத்தைப் பிடித்து நின்றார். திலகவதி அதே ஸ்வரத்தில் வில்லை இழுத்தாள். இரண்டும் சேரவில்லை. ஒன்றாகிப் போக வேண்டிய இடத்தில் உரசுகிற மாதிரி ஒரு நடுக்கம். மாமி இடப்பக்கம் திரும்பினார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "சுருதியைப் பாரு" என்றார். மூடியது சரியாக மூடவில்லை. முதல் இரண்டு வரிசைக்கும் கேட்டது.

திலகவதிக்கு முகம் சூடானது. விரலை ஒரு மயிரிழை நகர்த்தினாள். இப்போது மாமியோடு சேர்ந்தது. ஆனால் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தம்புராப் பெட்டியோடு விலகியது. அன்று கச்சேரி முழுக்க இரண்டுக்கும் நடுவே அலைந்தாள்.

ஏதோ ஒரு நாள் என்று நினைத்தாள். பங்குனியில் மறுபடியும் நடந்தது. சித்திரையில் இரண்டு கச்சேரியிலும் நடந்தது. மாமி ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார். தம்புராப் பெட்டி சரியில்லையோ என்று புதிதாக ஒன்று வாங்கினார். அதன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அப்படியும் சரியாகாதபோது, உடை மாற்றும் அறையில் ஸம்பத்குமார் முன்னாலேயே, "உனக்கு என்னடி ஆச்சு? வாசிக்கறச்சே மனசு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

பார்த்திபன் போனில் சுருதி பார்க்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். வீட்டில் வாசித்தால் முள் நடுவில் நின்றது. "பாரு, மிஷினே சொல்லுது. நீ கரெக்டாத்தான் கீற" என்றான்.

"தனியா வாசிச்சா சரியாத்தான் வருது. மேடையில அத்தனை சத்தத்துல எனக்குக் கேக்கலன்னா?"

அந்த எண்ணம் அவளுக்கு வந்தது ஜோதிலட்சுமியைப் பார்த்த பிறகு. பஜாரில் காய்கறி வாங்கும்போது எதிரே வந்தாள். இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும், "ஆ? யாரு? திலகாவா?" என்று கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசினாள். "காது போச்சுடி எனக்கு. பிரஸ் ஷாப்பு முழுங்கிடுச்சு. நீ வெச்சுக்கினு இருந்தியே அந்தப் பஞ்சு, நானும் வெச்சுக்கினு இருந்திருக்கணும்." வேடிக்கையாகத்தான் சொன்னாள். திலகவதியால் சிரிக்க முடியவில்லை. ஆறு வருடம். ஸ்பாஞ்சு எவ்வளவைத் தடுத்திருக்கும்? தரையின் அதிர்வு எலும்பு வழியாக ஏறியிருக்காதா?

அன்றிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். குக்கர் விசில் எத்தனை என்று எண்ணிவிட்டு, மகளிடம் சரியா என்று கேட்டாள். ரயில் வருகிற சத்தம் மற்றவர்களுக்கு முன்னால் தனக்குக் கேட்கிறதா என்று ஸ்டேஷனில் நின்று பார்த்தாள். வானொலிக் கலைஞராக அடுத்த தகுதி பெறுவதற்கான தேர்வுக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை அலமாரிக்குள் தள்ளினாள். மேடையில் வில்லை அழுத்தாமல் வாசித்தாள். தப்பு நடந்தாலும் தணிந்து நடக்கட்டும் என்று.

ஆனி மாதம் ஒரு சபாக்காரர் மாமிக்குப் போன் செய்து, வேறு வயலின் போட்டுக்கொள்ளலாமே என்று சொல்லியிருக்கிறார். ஸம்பத்குமார் மூலம் இது திலகவதிக்குத் தெரிந்தது. மாமி சொன்ன பதிலையும் அவரே சொன்னார்: "அவ இல்லாம நான் பாடறதா இல்ல. வேணாம்னா எனக்கும் வேணாம்."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அன்று சாயங்காலம் பார்த்திபனிடம், "நானே நின்னுடறேன். என்னால மாமி பேரு கெடக்கூடாது" என்றாள்.

"மொதல்ல காதைக் காட்டு. அப்புறம் நில்லு."

"காட்டி, போச்சுன்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும். எங்க கம்பெனில வருஷா வருஷம் பாக்கறாங்க. எனக்கே கொஞ்சம் கம்மின்னு எழுதிக் குடுத்தாங்க. இப்ப இன்னா, நீ திட்றது கேக்காமயா கீது? இன்னாத்துக்கு இத்தன மாசமா பேஜார் பண்ணிக்கினு கீற?"

அடுத்த வாரம் அவனே லீவு போட்டுவிட்டுப் பொன்னேரிக்கு அழைத்துப் போனான். காது பரிசோதனை செய்கிறவள் கிறிஸ்டினா என்ற இளம்பெண். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அமுக்குங்க. ரொம்பச் சின்னதா கேட்டாலும் அமுக்குங்க, மேடம்."

கதவு மூடியது. முதலில் வந்த சில சத்தங்கள் சுலபம். பிறகு அவை மெலிந்துகொண்டே போயின. இடையிடையே நீண்ட அமைதி. அதுதான் திலகவதியை வாட்டியது. இப்போது சத்தமே இல்லையா, இருந்தும் தனக்குக் கேட்கவில்லையா? அதை அறிய வழியே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டாள். தன் இதயம் அடிப்பதுதான் கேட்டது. அதற்கு அடியில், ஊசிமுனை மாதிரி ஏதோ ஒன்று. அமுக்கினாள். மறுபடி அமைதி. கண்ணாடிக்கு அப்பால் கிறிஸ்டினா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரம் இப்படியே போனது. வெளியே வந்தபோது புடவை முதுகில் ஒட்டியிருந்தது.

கிறிஸ்டினா ஒரு தாளை நீட்டினாள். வலது காதுக்கு வட்டங்கள், இடது காதுக்குப் பெருக்கல் குறிகள். எல்லாம் தாளின் மேல் பக்கமாகவே போயின.

"மேலே இருந்தா நல்லதா, கெட்டதா?" என்றாள் திலகவதி.

"நல்லது மேடம். ரொம்ப நல்லா இருக்கு. உங்க வயசுல பாதிப் பேருக்கு இவ்ளோ இருக்காது. இந்த இடத்துல மட்டும் ஒரு சின்ன இறக்கம். அதுவும் நார்மலுக்குள்ளதான். பிரஸ் ஷாப்புன்னு சொன்னீங்களே, அடைப்பான் ஒழுங்கா போட்டிருக்கீங்க."

திலகவதி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னொரு தடவ சொல்லுமா" என்றாள். "கேக்கலையா?" என்று பார்த்திபன் கிண்டல் செய்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

வெளியே ஒரு ஓட்டலுக்குள் போனார்கள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நாஷ்டா நேரம் முடிந்துவிட்டது என்ற சர்வரை பார்த்திபன் எப்படியோ சரிக்கட்டினான். இரண்டு செட் பூரி சாப்பிட்டாள். கல்லாவில் மணி அடிப்பதும், டம்ளர்கள் மோதுவதும், பேருந்து நிலையத்தில் யாரோ ஊத்துக்கோட்டை, ஊத்துக்கோட்டை என்று கத்துவதும் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இத்தனை மாதத்தில் அன்றுதான் அவள் காதைச் சோதிக்காமல் எதையாவது கேட்டாள்.

காபி குடிக்கும்போது பார்த்திபன் சொன்னான்: "உன் காது நல்லாருக்கு. கையும் நல்லாருக்கு. அப்ப தம்புராவ உட்டு வெலகிப் போறது யாரு?"

வீட்டுக்கு வந்ததும், தை உற்சவக் கச்சேரியை யாரோ இணையத்தில் ஏற்றியிருந்ததை முதல் தடவையாகப் போட்டுக் கேட்டாள். இத்தனை நாள் அதைத் திறக்கப் பயம். தம்புரா தெளிவாக ஒலித்தது. வயலின் அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மாமியின் குரல்தான், மேலே போகப் போக, கொஞ்சம் ஏறி நின்றது. "சுருதியைப் பாரு" என்ற குரலுக்குப் பிறகு வயலினும் ஏறியது. சரியாக இருந்ததைத் தப்பாக்கிக்கொண்டு தான் மாமியின் பின்னால் ஓடியதை திலகவதி கேட்டாள்.

ஸம்பத்குமாருக்குப் போன் போட்டாள். கேட்டதைச் சொன்னாள். "எனக்குத் தெரியும்மா. தை மாசமே தெரியும். அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது? நீ திட்டு வாங்கறதைப் பார்த்துண்டு உக்காந்திருந்தேன். தப்புதான்" என்றார்.

திலகவதி சனிக்கிழமை திருவள்ளூருக்குப் போனாள். பேருந்தில் வழி முழுக்க ஒத்திகை பார்த்த எதுவும் மாமியைப் பார்த்ததும் வரவில்லை. மாமி சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, காது டெஸ்ட் எடுத்துக்கினு வந்தேன்."

"ஏன்டி, காதுக்கு என்ன?"

"ஒன்னும் இல்ல மாமி. நல்லா கேக்குதாம்."

மாமி கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். திலகவதிக்கு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

"அப்போ நான்தான்" என்றார் மாமி.

"மாமி..."

"இரு, சொல்லிடறேன். ஒரு வருஷமா காத்தால நாலு மணிக்கு எழுந்து சாதகம் பண்ணிண்டிருக்கேன். மிளகு, அதிமதுரம், என்னென்னமோ. தொண்டை போயிடுத்துன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட காட்டினா, தொண்டை சின்னப் பொண்ணோடது மாதிரி இருக்குங்கறார். அப்போ எது தப்புன்னு புரியலை. உன்மேல போட்டேன். உன்மேல போட்டா எனக்கு அன்னிக்குத் தூக்கம் வந்தது." அவர் குரல் உடைந்தது. "நாலு பேர் முன்னாடி சொன்னேனேடி."

"பரவால்ல மாமி. என்கூட வாங்க, அந்தப் பொண்ணு நல்லா பாக்குது."

கிறிஸ்டினாவின் தாளில் மாமியின் பெருக்கல் குறிகள் பாதித் தாளுக்குக் கீழே இறங்கியிருந்தன. இடது காதில் வயதால் வந்த குறை. அதோடு இன்னொன்றும் இருந்தது: ஒரே ஸ்வரம் அந்தக் காதுக்குக் கொஞ்சம் வேறாக, தள்ளிக் கேட்டது. அதை நம்பித்தான் மாமியின் குரல் விலகியிருக்கிறது. பதிமூன்று வருடமாகத் திலகவதி உட்கார்ந்தது அந்தப் பக்கம்தான்.

திலகவதி மாமியின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். ஆனால் மாமி நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார். "காதுதானா!" என்றார். "பெருமாளே, காதுதானா! காதுக்கு மிஷின் இருக்கு. தொண்டைக்கு என்ன இருக்கு?"

மிஷின் மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரம், தம்புரா தகரத்தை உரசுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். கிறிஸ்டினா இரண்டு மூன்று முறை திருத்தி, பாட்டுக்கென்று தனியாக ஒரு அமைப்பு வைத்துக் கொடுத்தாள். மாமி தன் சுருதியை அரைக் கட்டை இறக்கிக்கொண்டார். கச்சேரியை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கினார். திலகவதி வலப்பக்கம் மாறினாள். ஸம்பத்குமார் இடப்பக்கம் போக வேண்டி வந்தது. மிருதங்கத்தின் வலந்தலை சபைக்கு மறுபுறமாகப் போய்விடும் என்பதால் வேறு யாராவது என்றால் சண்டைக்கு வந்திருப்பார்கள். அவர், "வாயைத் திறக்காம இருந்ததுக்கு எனக்கு இது வேணும்" என்று எழுந்து போய் உட்கார்ந்தார்.

இந்த வருடம் தை உற்சவத்தில் மறுபடி அதே மேடை. பாடத் தொடங்கும் முன் மாமி மைக்கை இழுத்தார். "போன வருஷம் இங்க உக்காந்துண்டு, சுருதியைப் பாருன்னு திலகாவைச் சொன்னேன். உங்கள்ல சில பேர் கேட்டிருப்பேள். அவ சுருதி சரியா இருந்தது. என் காதுதான் சரியில்லை. இப்போ..." என்று காதைத் தொட்டுக் காட்டினார். கை பட்டதும் மிஷின் கீச்சென்று கூவியது. மைக் அதைக் கோபுரம் வரை கொண்டு போனது. சபை சிரித்தது. மாமியும் சிரித்தார். திலகவதி வயலினைத் திருத்துகிற மாதிரி குனிந்துகொண்டாள். முன்வரிசையில் பார்த்திபன் கைதட்ட, சுற்றி இருந்தவர்களும் தட்டினார்கள்.

இப்போது அவளுக்கு மாமியைத் தவிர இன்னும் இரண்டு பாடகிகளிடமிருந்து அழைப்பு வருகிறது. அலமாரியில் கிடந்த விண்ணப்பத்தைத் தேடி எடுத்து அனுப்பினாள். தேர்வும் நடந்தது, வானொலியில் தகுதியும் உயர்ந்தது. வில்லை அழுத்தி வாசிக்கிறாள். சனிக்கிழமைகளில் பெரியபாளையம் தாண்டுவதற்குள் பேருந்தில் தூங்கிவிடுகிறாள். கண்டக்டர்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது.

போன மாதம் திருப்பாச்சூரில் கச்சேரி முடிந்து காரில் ஏறும்போது மாமி சொன்னார்: "தோடியில அந்த தைவதம் கொஞ்சம் இறங்கி இருந்துதே."

"யாரோடது மாமி?"

"உன்னோடதுதான்."

திலகவதி ஒரு நிமிடம் யோசித்தாள். ஆமாம், அவளுடையதுதான். விரல் அவசரப்பட்டுவிட்டது. "தப்புதான் மாமி" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். என்னடி சிரிக்கிறாய் என்று கேட்ட மாமியும் கொஞ்ச நேரத்தில் சேர்ந்துகொண்டார். டிரைவர் கண்ணாடியில் இருவரையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.